பதினான்காம் வரிசை

திருடுவது இவ்வளவு சுலபமான வேலை என்பது தலைமையாசிரியருக்கு ஐம்பத்து நான்கு வயது வரை தெரியாமலே போய்விட்டது.

முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. விளையாட்டு அறைக்கு வெளியே நின்ற தின்பண்ட மிஷினைச் சாவி போட்டுத் திறந்தார். பதினான்காம் வரிசையின் சுருள் கம்பிக்குள்ளிருந்து ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை உருவினார். மிஷினைப் பூட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தின்றார்.

பள்ளியில் இனிப்புக்குத் தடை போட்டவரே அவர்தான். மேடையேறி அரை மணி நேரம் முழங்கி, இனி மிஷின்களில் கடலையும் உலர்ந்த பழமும் பாலும் மட்டும்தான் என்று அறிவித்தவர். வீட்டில் அதே தடையை அவருக்கு மனைவி போட்டிருந்தாள். பெல்ட்டில் ஓட்டை தீர்ந்துபோனதால் வந்த வினை. முன்பெல்லாம் ஆசிரியர் கூட்டத்தில் மிஷினம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தால், கிரீம் பிஸ்கட்டை மட்டும் பொறுக்கித் தின்பார். இப்போது அந்தத் தட்டில் வெள்ளரித் துண்டுகள் வருகின்றன.

மிஷினம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வெளியாரிடம் விடாமல் பள்ளியே சொந்தமாக நடத்தும் ஐந்து மிஷின்களையும் நிரப்புவது, துடைப்பது, கம்பியில் மாட்டிக்கொண்ட பொட்டலத்தை விடுவிப்பது எல்லாம் அவள் வேலை. அந்த வேலை இந்த வெள்ளிக்கிழமையோடு போவதாக இருந்தது. மிஷின்களைத் தாங்களே எடுத்து நடத்துவதாக ஒரு கம்பெனி கடிதம் கொடுத்திருந்தது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனால் மற்றப் பள்ளிகளில் அவர்கள் நடத்தும் மிஷின்கள் பளபளவென்று இருந்தன.

கடிதம் வந்த மறுநாள்தான் அவள் இரண்டாவது சாவியைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

"ரூல்படி ஒரு சாவி உங்ககிட்ட இருக்கணும் சார். இத்தனை நாள் ரெண்டையும் நானே வெச்சிருந்தது தப்பு."

கையோடு அழைத்துப் போய், எப்படித் திறப்பது என்றும் சொல்லிக் கொடுத்தாள். அப்போதுதான் பதினான்காம் வரிசை அவர் கண்ணில் பட்டது. தடைக்கு முந்திய சரக்கின் மிச்சம் போலும். அதை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பதினான்காம் எண் பொத்தானில் 'பழுது' என்று சீட்டு ஒட்டியிருந்தது. யாரும் வாங்க முடியாத பிஸ்கட் குறைந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆறாவது பொட்டலம் காலியான அன்று, புதன்கிழமை, மிஷினம்மா வந்து நின்றாள்.

"சார், விளையாட்டு ரூம் வாசல்ல இருக்கிற மூணாம் மிஷின்ல யாரோ திருடுறாங்க."

சாவி இருந்த டிராயரை அவர் மெல்லச் சாத்தினார். "பசங்களா இருக்கும்மா."

"பசங்க மிஷினைக் குலுக்குவாங்க சார், பூட்டைத் திறக்க மாட்டாங்க. இது சாவி வெச்சிருக்கிற ஆளோட வேலை."

"யாரா இருந்தாலும் விடக் கூடாது" என்று மேஜையைத் தட்டினார்.

அன்று மாலையே கடைக்குப் போய் அதே பிஸ்கட் ஆறு பொட்டலம் வாங்கினார். மனைவி கண்ணில் படாமல் காரில் குடைக்கு அடியில் ஒளித்து வைத்து, மறுநாள் காலை முதல் வேலையாக வரிசையில் செருகினார். ஆறில் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

பத்து மணிக்கு மிஷினம்மா இரண்டு பொட்டலங்களோடு வந்தாள்.

"திருடன் திருப்பி வெச்சிட்டான் சார்."

"மனசாட்சி உறுத்தியிருக்கும். போனா போகுது, விட்டுடலாம்."

"தேதியைப் பாருங்க. புதுசு முன்னாடி இருக்கு, பழசு பின்னாடி இருக்கு. மிஷின் நிரப்பத் தெரிஞ்சவங்க யாரும் இப்படி வைக்க மாட்டாங்க சார். பழசுதானே முதல்ல விழணும்?"

தலைமையாசிரியர் தேதியைப் பார்த்தார். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. முப்பது வருட சர்வீஸ், மேடைப் பேச்சு, மனைவியின் முகம் எல்லாம் வந்து வந்து போயின.

"அப்போ... யாருன்னு நினைக்கிறீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனிக்காரர் போன வாரம் உங்க ரூம்ல பத்து நிமிஷம் தனியா உட்கார்ந்திருந்தாரே. சாவி உங்க டிராயர்லதானே இருக்கு?"

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. இந்த அப்பாவிக்கு இவ்வளவுதான் எட்டும் என்று நினைத்தபோது, அவள் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றார். "எது பழசு, எது புதுசுன்னே தெரியாத ஆளுங்க கையில நம்ம மிஷினைக் கொடுக்கிறதா?"

கம்பெனியின் கடிதம் நாலு துண்டாகிக் குப்பைக்கூடைக்குப் போனது. வெளியே சொன்னால் பள்ளியின் பெயர் கெடும், ஆகவே விசாரணை எதுவும் வேண்டாம் என்றார். அவளும் சரியென்று தலையாட்டினாள். இன்னும் ஐந்து வருடத்துக்குப் பள்ளியே மிஷின்களை நடத்தும் என்ற உத்தரவு, நல்லவேளையாக, அவள் கையிலேயே டைப் அடித்துத் தயாராக இருந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை சாவியோடு போனபோது, மிஷினம்மா அவருக்கு முன்பே அங்கே இருந்தாள். பொத்தானில் பழுதுச் சீட்டைக் காணோம். பதினான்காம் வரிசையில் உலர்ந்த திராட்சையை, பழசு முன்னாலும் புதுசு பின்னாலுமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியர் சாவியைப் பாக்கெட்டுக்குள் நழுவவிட்டு, பட்டும் படாமலும் கேட்டார். "அந்த கிரீம் பிஸ்கட்டை எடுத்துட்டீங்களாம்மா? பாவம், பிள்ளைங்க ஏமாந்துடுவாங்களே."

மிஷினம்மா கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"அது பிள்ளைங்களுக்காக வெச்சது இல்லையே சார்."