நீலத் தேதி

கீழத்தெருத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலத்தெருத் தொட்டியைக் கண்டாலே வயிறு எரியும். அது பஸ் போகிற ரோட்டில் நிற்கிறது. அதிகாரிகள் கண்ணில் படுமே என்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை 'சுத்தம் செய்த நாள்' என்று அதன்மேல் நீலப் பெயிண்டில் புதுத் தேதி எழுதிவிடுவார்கள். கீழத்தெருத் தொட்டியில் இருப்பதோ போன வருஷத்துத் தேதி.

"அவளுக்குப் பெயிண்டு, எனக்கு விளக்குமாறா?" என்று அது காக்கையிடம் பொருமியது. "தண்ணி திறந்துவிடுற சுடலை மாசம் ரெண்டு தடவை உள்ளே இறங்கி, என் வயித்தைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டுப் போறான். வெளியே ஒரு தேதி எழுத அவனுக்குக் கை வரலையே!"

"அவ அழகுதான் அக்கா," என்றது காக்கை.

"அப்போ அங்கேயே போய்த் தண்ணி குடியேன்!"

காக்கை குழாயில் சொட்டிய தண்ணீரை இன்னொரு வாய் குடித்தது.

"போனேனே. மூடி திறந்து கிடந்துச்சு. தேதி நேத்து எழுதினது. ஆனா போன மாசம் உள்ளே விழுந்த என் சித்தப்பா மகன் இன்னும் மிதக்கிறான்."

கீழத்தெருத் தொட்டி தன்மேல் இருந்த போன வருஷத்துத் தேதியை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

பிறகு மெதுவாகக் கேட்டது: "அந்த நீலம், கிட்டப் போய்ப் பார்த்தாலும் பளிச்சுன்னுதான் இருக்கா?"