பின் கதவு

அரிசோனா ராணுவ முகாமில் எரிபொருள் சிக்கனத்துக்கான ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துபவன் நான். யாரும் சீந்தாத அந்தப் பக்கத்துக்கு வெயில் கொளுத்திய ஓர் ஆகஸ்ட் மதியம் விடிவு வந்தது.

கேன்டீன் வாசலில் ஆளில்லாத ஒரு வேன் உறுமிக்கொண்டு நின்றது. முன் கதவைத் திறந்து என்ஜினை நிறுத்தினேன். பின்னால் டொக், டொக்கென்று சத்தம். சூடான வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். வேன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டேன்: 'யாரோ ஒரு சோம்பேறியின் வண்டி. நான் அணைத்துவிட்டேன். நீங்கள்?'

ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லைக்.

"ஐயாவுக்கு சீட்டு ஜில்லுன்னு இருக்கணுமாக்கும்!" என்று கமெண்டில் சிரித்தார்கள்.

கர்னலே கூப்பிட்டார். "பின்னிட்டய்யா, வில்கின்ஸ்!"

மாலையில் கார்ப்பரல் ஒர்டேகா வந்தான். "அது என் வண்டி, சார்ஜென்ட்."

"கோபமா தம்பி?"

"முன்பக்கம் மட்டும் போட்டிருக்கீங்க. இதையும் போட்டுடுங்க." போனை நீட்டினான்.

பின் கதவில் பெரிதாக எழுதியிருந்தது: 'உள்ளே ராணுவ நாய். ஏசியை நிறுத்தாதீர்கள்.'

ஒரு கழுத்துப்பட்டையை என் மேஜைமேல் வைத்தான்.

"முன் கதவை யார் திறந்தாலும் ஆசையா வாலால தட்டுவா. உங்களுக்குக் கேக்கலையா?"