வயிற்றுக்குள் ஒரு தம்பி

ஏரியில் வலை இறங்கியதும் தவளை அலறிக்கொண்டு கெளுத்தி மீனிடம் வந்தது.

"ஆராய்ச்சிக்காரங்க வந்திருக்காங்க! போன வாரம் ஒரு கெளுத்தி வயித்துல இதுவரைக்கும் யாரும் பார்க்காத புழு கிடைச்சுதாம். அதுக்குப் பேர் வைக்க இன்னும் நாலு புழு வேணுமாம். வயித்தைக் கிழிச்சுத் தேடுறாங்க!"

கெளுத்தி தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அந்த வயிற்றில் வெகுநாளாகக் குடியிருந்த புழுவும் பதறியது.

"அண்ணே, அந்தப் பக்கம் போயிடாதீங்க! உங்களுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன்."

கெளுத்தி உருகிப்போனது. பெற்றவள்கூட அதற்காக இப்படிப் பதறியதில்லை.

"பயப்படாதே தம்பி, நான் இருக்கேன்."

சேற்றில் புதைந்து, மீசைகூட ஆடாமல் கிடந்தது. வலை முதுகை உரசிப் போனது, திரும்பவும் வந்தது. இரை எதிரே நீந்தியும் வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, இன்னிக்குச் சாப்பாடு கிடையாதா?"