பட்டியலில் முதல் பெயர்

“வேலை நேரத்துல, கம்பெனி கம்ப்யூட்டர்ல கேம் ஆடினதுக்காக உடனடியாக வேலையை விட்டு நீக்கப்படுகிறீர்... அடிச்சியா?”

மேனேஜர் பாஸ்கரன் சொல்லச் சொல்ல, வசந்தகுமாரியின் விரல்கள் ஓடின. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த அந்த நட்டு போல்ட்டு கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே டைப்பிஸ்ட்.

“மெமோ யாருக்கு சார்? பேரு என்ன போடணும்?”

“உன் பேருதான்.”

விரல்கள் நின்றன. மாங்காட்டில் அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சம்பளம் என்று மாதாமாதம் கொண்டுவருகிற ஆளும் அவள் ஒருத்திதான். இந்த வேலை போனால் தம்பியின் பாலிடெக்னிக் நின்றுவிடும்.

“ஒரே ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துல ஆடினேன். அதுக்கா வேலையை விட்டே தூக்குறீங்க?”

“ஒரு நாள் ஆடுனவளா ஸ்கோர் லிஸ்ட்ல மொத ஆளா கீற? யாராண்ட கதை உடுற?”

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. தன் பெயரைத் தானே அடித்தாள், பிழையில்லாமல்.

கையெழுத்துப் போட வந்த முதலாளி பரந்தாமன் திரையில் மெமோவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா கேம் அது?”

“மண்ணைக் குடைஞ்சு வைரம் பொறுக்குறது சார்” என்றாள் வசந்தகுமாரி.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அடடே! அது இன்னும் இதுல கீதா? எண்பத்தெட்டுல இந்தப் பொட்டி வந்தப்போ ஏசி ரூமு, செருப்ப வெளியில உட்டுட்டுதான் உள்ள வரணும். கோயிலுக்குப் போற மாதிரி வந்து, இதத்தான் ஆடுவோம்! தள்ளும்மா, ஒரு தபா ஆடிப் பாக்கறேன்.”

அவள் மெமோவைச் சேமித்துவிட்டு ஆட்டத்தைத் திறந்து கொடுத்தாள்.

பச்சைத் திரையில் குட்டி மனிதன் மண்ணைக் குடைந்தான். இரண்டே நிமிடத்தில் பேய் பிடித்துத் தின்றது. திரை மறுபடி ஆரம்பத்துக்கே போய் நின்றது. இரண்டாம் முறையும் அதே கதி, மூன்றாம் முறையும் அதே கதி.

“ஒம்போது வருஷத்துல கை துருப்புடிச்சுப் போச்சுய்யா. ஆமா பாஸ்கர், லிஸ்ட்டுல இவ பேருதான் மொதல்ல கீதுன்னு எங்கிட்ட சொன்னியே, எங்க அது?”

பாஸ்கரன் காதில் எதுவும் விழவில்லை. முதலாளியின் தோளுக்கு மேல் குனிந்து நின்றார்.

“ரைட்ல குடைங்க சார்! பேயி பின்னாடியே வந்துகினு கீது. கல்ல உருட்டி உடுங்க சார், கல்ல!”

“நீயே குந்துய்யா. லிஸ்ட்ட கண்ணால பாத்துட்டு கையெழுத்துப் போடறேன்.”

பாஸ்கரன் உட்கார்ந்தார். அதுவரை தட்டுத்தடுமாறிய குட்டி மனிதன் இப்போது எலி போலக் குடைந்து ஓடினான். ஒரு சுரங்கம் காலி, அடுத்தது காலி, அதற்கடுத்ததும் காலி. கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது. பரந்தாமன் ஸ்டூலை இழுத்துப்போட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

கடைசியில் நாலு பேய்கள் நாலு பக்கமும் வளைத்துக்கொண்டன. “ச்சே!” என்று பாஸ்கரன் மேசையைத் தட்டினார்.

பெயர் என்ன என்று திரை கேட்டது. அவர் விரல்கள் சாவிப்பலகையைப் பார்க்காமலே பெயரை அடித்தன.

அப்போதுதான் பட்டியல் விரிந்தது. முதல் பத்து இடங்களுக்குள் வருகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பட்டியல்.

முதல் வரியில் வசந்தா. இரண்டாம் வரியில் பாஸ்கர். மூன்றாம் வரியில் பாஸ்கர். பத்தாம் வரி வரைக்கும் பாஸ்கர்.

பரந்தாமன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

வசந்தகுமாரி சாவிப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, மெமோவைத் திறந்தாள்.

“பேரை மட்டும் மாத்தினா போதுமா சார்?”