அம்மாவைக் கூட்டிட்டு வா

“எந்திரிக்க வேண்டாம், உட்காருங்க. நின்னுக்கிட்டே கேட்டு முடிக்கிற அளவுக்கு நான் கொஞ்சமாப் பேசப் போறதில்ல!” என்றபடி வகுப்பிலிருந்து புயலாக வந்தார் கணக்கு டீச்சர்.

எழப்போன பெண் மறுபடி உட்கார்ந்தார். ஆசிரியர் அறை வாசலில், வரச் சொல்லப்பட்ட அம்மாக்கள் வந்து காத்திருக்கும் பெஞ்சு அது. உட்கார்ந்தவர்கள் யாரும் அங்கே நல்ல வார்த்தை கேட்டதில்லை.

டீச்சருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் குக்கர். நேற்று அவர் பலகையில் வேர்க்க விறுவிறுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசைக்காரன் ஒருவன் கொட்டாவி விட்டபடி, “இதைப் படிச்சு என்ன டீச்சர் ஆகப்போகுது?” என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அவனை அம்மாவைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார். நேற்று குக்கர் அடித்த விசில் இன்னும் அடங்கவில்லை.

“டீச்சர், நான் ஒரு விஷயம்...”

“முதல்ல நான் பேசி முடிச்சிடறேன். எனக்கு அடுத்த பீரியடும் கிளாஸ் இருக்கு. உங்க பையன் கேட்ட கேள்விக்கு, பதில் தெரியாமலா நான் நின்னேன்? ஒரு வார்த்தை அதட்டினா, நாளைக்கு நீங்கதான் கொடி பிடிச்சுக்கிட்டு வருவீங்க!”

“இல்லைங்க, நான் வந்தது...”

“ஒரு கிளாஸ்ல அறுபது பேர். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. அடிச்சாலும் தப்பு, கண்டுக்காம விட்டாலும் தப்பு. மார்க் குறைஞ்சா மட்டும் எங்க தலையை உருட்டுவீங்க. வீட்ல ஒண்ணோ ரெண்டோ, அதைப் பாத்துக்க உங்களுக்கு நேரமில்ல!”

அந்தப் பெண் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். திட்டு வாங்குகிற முகமாக அது இல்லை என்பதைக் கவனிக்கும் நிலையில் டீச்சர் இல்லை.

“வீட்டுக்குப் போனாலும் நிம்மதி உண்டா? தெரியாத நம்பர்ல இருந்தெல்லாம் போன். எல்லாம் உங்களை மாதிரி பெத்தவங்கதான். எனக்குக் குடும்பம் இல்லையா? இப்பல்லாம் நான் எடுக்கிறதே இல்ல.”

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் நிறுத்தவில்லை.

“எனக்கும்தான் ஒரு பொண்ணு இருக்கா, பத்தாவது படிக்கிறா. அவ கண்ணு முழிக்கும் முன்னாடியே நான் இங்க ஓடி வந்துடறேன். தானே கிளம்பி, தானே பஸ் ஏறிப் போறா. இதுவரைக்கும் ஒரு டீச்சர் ‘அம்மாவைக் கூட்டிட்டு வா’ன்னு சொன்னதில்ல. வளர்ப்புன்னா அதுதாங்க!” இதைச் சொல்லும்போது மட்டும் டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கி, முகத்தில் பெருமை தெரிந்தது.

அப்போது படியேறி மூச்சிரைக்க ஓடி வந்தார் இன்னொரு பெண்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர், வேலையில விடல. நேத்து என் பையன் வாய்க்கொழுப்பாப் பேசினானாமே?”

கணக்கு டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

“அப்ப... நீங்க யாரோட அம்மா?”

“நான் யாரோட அம்மாவும் இல்லைங்க, உங்க பொண்ணோட கிளாஸ் டீச்சர்” என்று எழுந்தார் அவர். “அவ ஸ்கூலுக்கு வந்து பத்து நாளாச்சு.”