வாசல் மாறும் வீடு

நத்தை வடிவில் எழும்பிக்கொண்டிருந்த அந்த வீட்டின் வரைபடம், உரிமையாளர் பகவதியம்மாள் இரவில் காணும் கனவுக்கேற்பக் காலையில் தானே மாறிவிடும். மஞ்சள் குங்குமம் வைத்து, பூசை போட்டு நிறுத்திய வாசல் நிலையைக் கொத்தனார் தங்கப்பழம் பலமுறை பெயர்த்துவிட்டார். இன்றும் வரைபடத்தில் வாசல் இடம் மாறியிருந்தது.

"சாமி கும்பிட்டு வச்ச நிலைம்மா! இதென்ன நாற்காலியா, நாளுக்கொரு பக்கம் இழுத்துப் போட? அப்படி என்னதான் கனவு காங்கீய?" என்று வெடித்தார்.

"போன வருஷம் தவறிப்போன எங்க வீட்டுக்காரர்தான் வாராங்க, அண்ணாச்சி. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, வாசல் தெரியாமத் திரும்பிப் போயிருதாங்க."

தங்கப்பழம் புதிய இடத்தில் மறுபடியும் பூசை போட்டு நிலையை நிறுத்தினார். பிறகு, பழைய வீட்டை இடித்த குவியலில் தேடி, அவள் கணவரின் பெயர்ப்பலகையை எடுத்துத் துடைத்து, வாசலுக்கு மேல் அறைந்தார்.

மறுநாள் வரைபடம் மாறவில்லை.