புலிவரி வயலின்

“பொய்! தலையிலிருந்து வால் வரைக்கும் பச்சைப் பொய்!”

செல்போனைத் தள்ளிப் பிடித்தபடி அமிர்தராஜ் அடித்துச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த சங்கையாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. போனில் இருந்தது ஒரு பழைய வயலின். ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருந்தது. ஏலம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான்.

சங்கையா திருச்சுழியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மகள் தீபலட்சுமி வருகிற நவராத்திரிக்குக் கோயிலில் முதன்முதலாக வயலின் வாசிக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்துப் பாட்டு வாத்தியார், இரவல் கொடுத்த வயலினைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார். இதை விட்டால் பிள்ளைக்கு வேறு வயலின் இல்லை. வாங்கி ஏமாந்தாலோ ஊர் சிரிக்கும். அதனால்தான் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு அமிர்தராஜைத் தேடி வந்திருந்தார்.

அமிர்தராஜ் பெயின்ட் கடைக்காரர்தான். ஆனால் ஒரு காலத்தில் சர்ச்சில் வயலின் வாசித்தவர். போலி வாத்தியத்தைப் போட்டோவிலேயே பிடித்துவிடுவார் என்று மதுரை வரைக்கும் பேர். யார் கேட்டாலும் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

“விக்கிறவுக இந்த ஊருதானாம் அண்ணாச்சி. நேர்லயே போய் வாங்கிக்கிரலாம்னு நெனச்சேன்.”

“அருப்புக்கோட்டையில எனக்குத் தெரியாம எவன்யா வயலின் வச்சிருக்கான்? அதுவே மொதப் பொய்!”

காபியோடு வந்த அவர் மனைவி சவுந்தரம் அப்படியே நின்றுவிட்டாள். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. சும்மா கெடக்குற சாமான், வாசிக்கிற பிள்ளை கைக்குப் போகட்டுமே.”

அவளுக்கு எப்போதும் இளகின மனசு. விற்கிறவள் மனம் நோகுமென்று சொத்தைக் கத்தரிக்காயைக்கூடப் பொறுக்காமல் வாங்கி வருகிறவள். வயலினைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

“இங்க பாரு சங்கையா. ஓரத்துல கறுப்புக் கோடு ஓடுதா? அசல்னா பள்ளம் வெட்டி மரத்தைப் பதிச்சிருப்பான். இதுல பேனாவ வச்சு இழுத்துருக்கான், கோணல்மாணலா.” அமிர்தராஜுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. “முதுகுல புலிவரி இருக்கா? நல்ல மரம்னா வெளிச்சத்துல திருப்பத் திருப்ப வரி ஓடும், பட்டுச்சேலை மாதிரி. இது ரெண்டு போட்டோவுலயும் அசையாம நிக்கிது. எல்லாம் பெயின்ட்டு! பெயின்ட்டு கடைக்காரன்ட்டயேவா?”

“பளபளன்னு இருக்கே அண்ணாச்சி…”

“தேங்கா எண்ணெய்யா! வயலினுக்கு எவனாவது எண்ணெய் தேய்ப்பானா? கூறுகெட்ட பய!”

“தூசியா இருந்தா எண்ணெய் போட்டுத் தொடைக்கக் கூடாதாக்கும்?” என்றாள் சவுந்தரம் சன்னமாக.

“அதெல்லாம் உன் தோசைக்கல்லோட வச்சுக்க!”

சங்கையா சிரித்தார். சவுந்தரம் சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டாரா மனுஷர்? ஏலப் பக்கத்திலேயே, ‘இது போலி. யாரும் வாங்கி ஏமாறாதீர்கள்’ என்று தன் பேரைப் போட்டு எழுதிவைத்தார். அப்புறம் யார் கேட்பார்கள்? ஒருத்தரும் சீந்தாமலே ஏலம் முடிந்தது.

சங்கையா எழுந்து கும்பிட்டார். “நல்ல வேளை, காப்பாத்திவிட்டீக. பிள்ளைட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல. பாதகத்தி ஒரு வாரமா கொலுப் பாட்டையே முணுமுணுத்துக்கிட்டுத் திரியுறா.”

அமிர்தராஜுக்கு மனசு கேட்கவில்லை. உலகத்தில் யாருக்கும் செய்யாததை அன்றைக்குச் செய்யத் துணிந்துவிட்டார்.

“உக்காருய்யா. என் வயலினைக் கொண்டுபோ. நவராத்திரி முடிஞ்சதும் குடுத்தாப் போதும். அத்தனையும் ஜெர்மன் மரம். கண்ணு பட்டுரும்னு வருசக்கணக்கா நானே பெட்டியத் தொறக்கல. அசல்னா எப்படி இருக்கும்னு இன்னைக்குப் பாரு!”

“வேண்டாம்ங்க, அத எடுக்காதீக” என்று சவுந்தரம் பதறினாள்.

“ஒரு பிள்ளைக்கு உதவுறதுக்கு என்னடி கஞ்சத்தனம்?”

பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினார். தூசியை ஊதி, பெருமையாகச் சங்கையாவைப் பார்த்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

பெட்டி காலி.

“சவுந்தரம்! எங்கடி என் வயலினு?”

“இம்புட்டு நேரமும் அதத்தான நார்நாராக் கிழிச்சீக!”